சக்கரம் பிடிக்க ஆள் வேண்டாம்

கூரியர்காரன் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனதும், கேப்டன் அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஆட்டோபைலட்," என்றாள் அவர் மனைவி. கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன், ஏரோப்ளேன் ஏதாவது வாங்கியிருக்கியா?"

"படகுக்கு."

"படகை ஓட்டத்தான் நான் இருக்கேனே."

"அதனாலதான் வாங்கினேன்," என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோல் அகப்படாமல் நகத்தாலேயே டேப்பைப் பிய்த்தாள்.

அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்தவர் அல்ல. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்குத் திட்டித் திட்டியே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். படகுத்துறையில் யாரோ விளையாட்டாக 'கேப்டன்' என்று கூப்பிடப்போக, அந்தப் பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அவரும் மறுவாரமே ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கிவிட்டார்.

படகு அவளுடையது. வேறு நாட்டில் குடியேறப்போன அவள் அண்ணன், போகும்போது அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன சின்னப் பாய்மரப் படகு. உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம்; ஒரு கெட்டில் வைக்கிற அளவுக்கு அடுப்பு. பின்பக்கம் உட்காரும் பள்ளத்தில், கார் ஸ்டீரிங்கைவிட இரண்டு மடங்கு பெரிய சக்கரம். அதைத் திருப்பினால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான் திரும்பும். படகு கைக்கு வந்த முதல் நாளே கேப்டன் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அதற்கப்புறம் அந்த இடத்தைவிட்டு அவர் நகரவே இல்லை. பாயை ஏற்றுவது, இறக்குவது, கயிறு இழுப்பது, நங்கூரம் போடுவது, படகின் மூக்குவரை தவழ்ந்து போய்ச் சிக்கெடுப்பது எல்லாம் அவள் வேலை. கத்துவது அவர் வேலை. "இழு! விடு! அதையில்ல, இதை! கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கரைவரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் படகு திரும்பி வருகிறது என்பதைப் பார்க்காமலேயே தெரிந்துகொள்ளலாம் என்று துறையில் ஒரு கேலி உண்டு.

அதையெல்லாம்கூட அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் காலம் தள்ளிவிட்டாள். போன வருஷம் நடந்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. முன்பாயின் கயிற்றைச் சரிசெய்துவிட்டு அவள் திரும்பி வந்துகொண்டிருந்தபோது படகு திடீரென்று திரும்பியது. பெரிய பாயின் அடியில் கிடக்கும் குறுக்குக் கம்பம் சுழன்று வந்து தோளில் அடித்தது. காறை எலும்பு முறிந்து, பல நாள் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு வேலை, காது கேட்கும் கருவி விற்றுப் பழுதும் பார்க்கும் கடையில். துறையில் எல்லோரும் விசாரித்தபோது கேப்டன் சொன்னார்: "திருப்பறேன், குனின்னு தொண்டை கிழிய கத்தினேன். காது மெஷின் ரிப்பேர் பண்றவளுக்கே காது கேக்கலைன்னா நான் என்ன பண்றது?" எல்லோரும் சிரித்தார்கள். கட்டுப்போட்ட தோளோடு அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவர் கத்தவில்லை. அது அவளுக்குத் தெரியும். கேட்டதற்கு, "அப்ப நான் பொய் சொல்றேன்கறியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பேச்சுதான் முடிந்தது.

பெட்டி வந்த செய்தி சாயங்காலத்துக்குள் நாத்தனார் காதுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"ஏம்மா, ஆம்பளை கையில இருக்கற ஸ்டீரிங்கைப் பிடுங்கி மெஷின் கையில குடுக்கப் போறியாமே?"

"மெஷின் கத்தாது அண்ணி."

"அவன் உரிமையில கத்தறான். உங்க அண்ணன் குடுத்த படகை இத்தனை நாளா உருப்படியா வெச்சிருந்தது யாரு?"

"பாசி சுரண்டறது நான். பெயின்ட் அடிக்கறது நான். நீங்க எதைச் சொல்றீங்கன்னு தெரியல."

நாத்தனார் போனை வைத்துவிட்டாள். கேப்டன் பக்கத்து அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் அவர் செருப்பு நுனி தெரிந்தது.

ஒரு லீவு நாளில் அவள் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனாள். கூப்பிடாமலேயே அவரும் வந்தார். தொப்பியும் போட்டிருந்தார். பள்ளத்தின் ஒரு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரியைப்போல உட்கார்ந்தார்.

முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். நடுவிலிருந்த பெரிய நட்டு உப்பில் இறுகிப் போயிருந்தது. அவள் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, உடம்பு எடையையெல்லாம் அதன்மேல் போட்டாள். தோள் விண்ணென்று தெறித்தது.

"இடது பக்கம் திருப்பணும்," என்றார் கேப்டன்.

"இடது பக்கம்தான் திருப்பறேன்."

"அப்ப பலம் பத்தல."

"வந்து பிடிங்களேன்."

"எனக்கு எதிரா மாட்டற மெஷினுக்கு நானே வந்து ஸ்பேனர் பிடிக்கணுமா? நல்ல கதையா இருக்கே."

நட்டு கடைசியில் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்தது. சக்கரத்தைத் தூக்கி அவர் காலடியில் சாய்த்து வைத்தாள். வட்டமான கறுப்பு மோட்டார் பெட்டியைச் சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்துக் கிளிப்புகளால் இறுக்கினாள். உள்ளே ஒரு பெல்ட். பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். நெம்புகோலைத் தள்ளினால் மோட்டார் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் விட்டுவிடும், மனிதன் ஓட்டலாம். மோட்டார் பெட்டியே சுழலாமல் இருக்க அதன் அடியில் ஒரு முளையைத் தரையில் அடித்து நிறுத்த வேண்டும். அவள் டிரில்லை எடுத்தபோது கேப்டன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஓட்டை போடறியா? படகுல? தண்ணி உள்ள வந்தா?"

"இது மேல்தளம். கடல் கீழ இருக்கு."

"மழை மேலேருந்துதான் வரும்."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒட்டும் பசை, ரப்பர் வளையம் எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கிறவரை டிரில்லை ஓட விட்டாள்.

பிறகு பின்பக்க அறைக்குள் தலைகீழாக இறங்கினாள். கால் இரண்டும் வெளியே, உடம்பு உள்ளே, வாயில் டார்ச். பழைய கயிறு, டீசல், நனைந்த கான்வாஸ் எல்லாம் சேர்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. சுக்கானின் தண்டு அங்கேதான் இறங்கியது. சுக்கான் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் சென்சாரை அதன் பக்கத்தில் பொருத்தினாள். மேலே ஒருவர் சக்கரத்தைக் கடைசிவரை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிக் காட்டினால்தான் சென்சாரின் கை எங்கேயும் இடிக்காமல் போகிறதா என்று பார்க்க முடியும்.

"சக்கரத்தைச் சும்மா சொருகி வெச்சிருக்கேன். மெதுவா வலது பக்கம் திருப்புங்க," என்று உள்ளிருந்து சொன்னாள்.

தண்டு அசையவில்லை.

"உங்களைத்தான்."

"எனக்குக் காது கேக்கல," என்றார் கேப்டன்.

அவள் அந்த இருட்டில் அசையாமல் கிடந்தாள். வாயிலிருந்த டார்ச்சைக் கடித்த கடியில் பல் வலித்தது. பிறகு வெளியே வந்து, சக்கரத்தின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கயிறுகளை உள்ளே கொண்டுபோய், படுத்தபடியே தானே இழுத்துத் தானே பார்த்துக்கொண்டாள். ஒருவர் உதவினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை, மத்தியானத்தை விழுங்கிவிட்டது.

திசைகாட்டிப் பெட்டியை உள்ளறையின் மரச் சுவரில் பொருத்தினாள். அதற்குப் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கக்கூடாது என்று கூடவே வந்த புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவள் கரண்டி, ஸ்பூன்கூட வேறு பக்கம் மாற்றினாள். பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, பட்டன்கள் இருக்கும் தகட்டைச் சக்கரத்தின் அருகே ஒட்டினாள். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டதும் தகட்டில் எண்கள் எரிந்தன. பத்து டிகிரி வலது பக்கம் திருப்ப, 'வலது பத்து' என்ற பட்டனை அழுத்தினாள்.

மோட்டார் முனகியது. சக்கரம் கம்பீரமாக இடது பக்கம் திரும்பியது.

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த படகில் தளம் கழுவிக்கொண்டிருந்த பல் டாக்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "டாக்டர், இங்க வந்து பாருங்க! வலதுன்னா இடது போவுது. அப்படியே இவ மாதிரியே!"

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. தப்பு அவளுடையதுதான்; மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்திருந்தாள். அவர் சிரித்து முடிப்பதற்குள் மாற்றிவிட்டாள். மறுபடி பட்டன். சக்கரம் வலது பக்கம் போனது. அதைப் பார்க்க டாக்டர் இல்லை, உள்ளே போய்விட்டிருந்தார்.

கடலில் சோதித்துப் பார்ப்பதற்கு மறுநாளே புறப்பட்டார்கள். "நீங்க வர வேண்டாம்," என்றாள். "நீ மூழ்கினா போலீஸ் என்னைத்தான் கேக்கும்," என்று அவர் ஒரு துணிப்பையோடு ஏறிக்கொண்டார். துறையை விட்டு வெளியே வந்ததும், புத்தகத்தில் சொன்னபடி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் படகைப் பெரிய பெரிய வட்டமாகச் சுற்றினாள். சுற்றச் சுற்ற மெஷின் தன் திசைகாட்டியைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். கேப்டன் ஓரத்தில் உட்கார்ந்து, "செக்கு மாடு," என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். மெஷின் 'பீப்' என்றது. தயார்.

பாய்களை ஏற்றினாள். வலிக்கிற தோளை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு கையாலேயே இழுத்ததில் நேரமானது. எஞ்சினை நிறுத்தினாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து, காற்றில் நகரத் தொடங்கியது. தூரத்தில் தெரிந்த தீவுக்கு நேராகப் படகைத் திருப்பி, நெம்புகோலைத் தள்ளிவிட்டுச் சக்கரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள்.

சக்கரம் தானாக அசைந்தது. கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. அவ்வளவுதான். படகு தீவையே பார்த்துக்கொண்டு போனது. யாரும் கத்தவில்லை. தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

"தண்ணி குடிக்கறேன்," என்று கேப்டன் உள்ளே இறங்கினார். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் படகுக்குப் பித்துப் பிடித்தது. தீவு மெல்ல ஒரு பக்கமாக நழுவியது. சக்கரம் தயங்கித் தயங்கித் திரும்பி, பிறகு ஒரேயடியாகச் சுற்றியது. எதிரே மணல் அள்ளும் தட்டைப் படகு ஒன்று நங்கூரம் போட்டு நின்றிருந்தது. துருவேறிய அதன் பக்கச்சுவர் நேராக அவர்களைப் பார்த்து வந்தது. அதன்மேல் நின்ற ஆட்கள் கையை ஆட்டிக் கூச்சல் போட்டார்கள். அவள் பாய்ந்து நெம்புகோலை இழுத்து, சக்கரத்தை முழுசாக ஒடித்தாள். பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. இரும்புச் சுவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போனது. மேலிருந்து ஒருவன் அவர்கள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் கேப்டன். அவர் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் சொன்னார்.

அவள் ஆளில்லாத பக்கம் படகைத் திருப்பி நிறுத்திவிட்டு, உள்ளே இறங்கினாள். திசைகாட்டியைப் பார்த்தாள், ஆடவில்லை, தளரவில்லை. அது பொருத்தியிருந்த சுவரின் பின்பக்கம் ஒரு சின்ன அலமாரி. திறந்தாள். சுவரை ஒட்டி, வீட்டுச் சமையலறையில் இருக்க வேண்டிய ரேடியோ உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கருக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் உள்ள பழைய ரேடியோ.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"இது எப்படி வந்துச்சு?"

"நான்தான் பையில கொண்டுவந்தேன். தண்ணி குடிக்கப் போனப்ப வெச்சேன்," என்றார். மறைக்கக்கூட இல்லை. "புக்குல போட்டிருந்துச்சு, படிச்சேன். ஒரு ரேடியோவுக்கே தடுமாறினா அது என்ன மெஷின்? உனக்குத் தெரியட்டும்னுதான் வெச்சேன்."

"அந்த இரும்புல மோதியிருந்தா?"

"மோதறதுக்கு முன்னாடி நான் பிடிச்சிருப்பேன்."

"எங்க பிடிச்சீங்க? நீங்க எந்திரிக்கவே இல்ல!"

அவள் ரேடியோவைத் தண்ணீரில் எறியக் கையை ஓங்கி, பிறகு நிதானித்து, அவர் மடியில் போட்டாள். "இதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காருங்க. திசைகாட்டிப் பக்கம் போனீங்க, உங்களைத் தூக்கிப் போட்டுட்டுதான் மறுவேலை பாப்பேன்."

மறுபடி தீவை நோக்கி நெம்புகோலைத் தள்ளினாள். மெஷின் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. அப்படியே போயிருந்தால் அன்றைய சண்டை அதோடு நின்றிருக்கும். ஆனால் காற்று ஏறியது. முதலில் தண்ணீர் கறுத்தது, பிறகு அலைகளின் தலை வெளுத்தது. படகு ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு ஓடியது. பாயைக் குறைத்தாக வேண்டும். எஞ்சினைப் போட்டு, படகைக் காற்றுக்கு நேர் எதிராகத் திருப்பி, 'இப்படியே பிடி' என்று மெஷினுக்குப் பட்டனை அழுத்தினாள். பெரிய பாய் இறங்கியது. முன்பாய் இறங்கவில்லை. அதன் கயிறு படகின் மூக்கில் எங்கேயோ சிக்கிக்கொண்டு, பாய் சாட்டைபோல அடித்தது.

யாராவது முன்னால் போய்ச் சிக்கெடுக்க வேண்டும். எப்போதும் போகிறவள் அவள்தான். அவள் நகரவில்லை.

"போங்க," என்றாள்.

"எங்க?"

"முன்னாடி. சக்கரத்தை அது பாத்துக்கும். போய்ப் பாயை விடுவிச்சு இறக்குங்க."

"நீ போ. உனக்குத்தான் பழக்கம்."

"எனக்கு இந்தக் கையைத் தலைக்கு மேல தூக்க வராது. ஏன் வராதுன்னு உங்களுக்குத் தெரியும்."

கேப்டன் சக்கரத்தைப் பார்த்தார். அது அவர் இல்லாமலேயே மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள அங்கே அவருக்கு வேலை எதுவும் இல்லை. எழுந்தார். உள்ளறைக் கூரையின் ஓரமாக, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரடி வைத்தார், இன்னொன்று வைத்தார். படகு ஒரு அலையில் எகிறி விழுந்தது. அவர் அப்படியே தொப்பென்று உட்கார்ந்து, பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். தொப்பி பறந்து போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன ஆச்சு? போங்க!"

அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"கால் வரல," என்றார்.

அவர் குரல் அப்படி ஒலித்து அவள் கேட்டதில்லை. எழுந்து அவர் அருகே போனாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தொடை துணிக்குள் நடுங்குவது தெரிந்தது.

"அலையாலயா?"

"தண்ணி," என்றார். "பக்கத்துல தண்ணி. எனக்கு ஆகாது."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே. உங்க அண்ணன் முதல் தடவை கூட்டிட்டு வந்தப்பலேருந்து. சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா தெரியாது. விட்டா தெரியும்."

இத்தனை வருஷமாக அவர் ஒரு தடவைகூடப் பாய்மரத்தைத் தாண்டி முன்னால் போனதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அவளே அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வந்ததெல்லாம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஆத்திரம்தான்.

"அன்னிக்கு?" என்றாள். "என் எலும்பு உடைஞ்ச அன்னிக்கு?"

"ஒரு காத்து அடிச்சுது. படகு சாஞ்சுது. கை தானா திருப்பிடுச்சு."

"கத்தினீங்களா?"

பாய் தலைக்கு மேல் பட்டாசாக வெடித்துக்கொண்டிருந்தது.

"கத்தினீங்களான்னு கேட்டேன்."

"சத்தம் வரல," என்றார். "வாய் திறந்துச்சு. சத்தம் வரல."

"எல்லாத்துக்கும் கத்துவ. டீ ஆறிப்போனா கத்துவ. செருப்பு இடம் மாறினா கத்துவ. அன்னிக்கு ஒரே ஒரு தடவை கத்தியிருக்கலாம்ல நீ?"

வாழ்நாளில் முதல்முறையாக அவரை 'நீ' என்று சொல்லியிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். திருத்தவில்லை.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நான் இந்தப் படகைத் தனியாவே ஓட்டியிருப்பேன். நீங்க கரையில உக்காந்து பேப்பர் படிச்சிருக்கலாம்."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பாயை அப்படியே விட்டால் கிழிந்துவிடும். அவள் அவரைத் தாண்டி, கூரைமேல் வயிற்றால் ஊர்ந்து, படகின் மூக்குக்குப் போனாள். அலை மேலே ஏறி முழங்கைவரை நனைத்தது. இதற்கு முன்னால் அங்கே போகும்போதெல்லாம் பாதி மனசு பின்னால் இருக்கும்: எப்போது திருப்புவாரோ, எந்தப் பக்கம் திருப்புவாரோ என்று. இப்போது மெஷின் படகைக் காற்றுக்கு எதிராக ஆணி அடித்ததுபோல நிறுத்தியிருந்தது. கொக்கியில் சுற்றிக்கொண்டிருந்த கயிற்றை நல்ல கையால் விடுவித்து, பாயை நெஞ்சோடு அணைத்துக் கீழே இழுத்து, அதன்மேல் உட்கார்ந்து கட்டினாள். வலியில் கண்ணில் நீர் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கட்டினாள். காற்றில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

திரும்பும்போது கேப்டனின் சட்டைக் காலரைப் பிடித்து, "உக்காந்தபடியே நகருங்க. கையை மாத்தி மாத்திப் பிடிங்க," என்று பள்ளத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தாள். அவர் தரையில், சக்கரத்தின் காலருகே உட்கார்ந்துகொண்டார். எஞ்சினில் துறையை நோக்கித் திரும்பினார்கள். மெஷின்தான் ஓட்டியது.

பாதி வழியில் அவர் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாத."

அவள் எஞ்சினின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

துறையில் பல் டாக்டரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். கயிற்றை வாங்கிக் கட்ட டாக்டர் கை நீட்டினார். கரைக்கு வந்ததும் கேப்டனுக்குக் காலில் உயிர் வந்துவிட்டது. தாவி இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன கேப்டன், மெஷின் எப்படி?"

"பரவால்ல," என்றார். "ஆரம்பத்துல கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. நான் பாத்துச் சரி பண்ணிட்டேன். இவ அந்த மணல் படகுல கொண்டுபோய்ச் சொருகப் பாத்தா, தெரியுமா?"

அவள் படகின் ஓரத்தில் கயிற்றோடு நின்றிருந்தாள். உடம்பெல்லாம் உப்பு. ஒரு கணம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று நாக்கு துடித்தது: கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்தது, நடுங்கியது, 'கால் வரல' என்றது எல்லாவற்றையும். டாக்டர் மனைவி அதைத் துறை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். ஆனால் பயம் அவருடையது, அவர் வைத்துக்கொள்ளட்டும். உடைந்த எலும்பு தன்னுடையது.

"டாக்டர்," என்றாள். "போன வருஷம் எனக்குக் காது கேக்கலைன்னு இவர் சொன்னார் இல்லையா, நீங்ககூடச் சிரிச்சீங்க. இவர் அன்னிக்குக் கத்தவே இல்ல. இன்னிக்கு அவர் வாயாலயே சொன்னார். வேணும்னா கேட்டுப் பாருங்க."

டாக்டர் கேட்கவில்லை. கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். அவர் மனைவி கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் திரும்பி, துறை வாசலைப் பார்த்து நடந்தார். பஸ் ஸ்டாப்பில் அவளுக்காக நிற்கவும் இல்லை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வைக்கப்படும், காலியாகும். நாத்தனார் போன் செய்து, "நாலு பேர் எதிர்ல அவனை அசிங்கப்படுத்திட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு அண்ணி. அதனாலதான் பாதி மட்டும் சொன்னேன்," என்றாள். மிச்சப் பாதி என்ன என்று நாத்தனார் எத்தனை விதமாகத் துருவினாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. முட்டி வலியால் படகை விட்டுவிட்டதாகக் கேப்டன் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது அவள் காதுக்கும் வந்தது. சரி என்று விட்டுவிட்டாள்.

தோள் ஓரளவு தேறியதும் அவள் தனியாகப் புறப்பட்டாள். துறையை விட்டு வெளியே வந்து, பாயை ஏற்றி, நெம்புகோலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் ரொம்ப நேரம் அவள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தாள். ஆளில்லாத பள்ளத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டதையெல்லாம், கல்யாணமான புதிதில் விழுங்கினதிலிருந்து, சத்தம் போட்டே சொன்னாள். அவர் பதில்களையும் அவளே சொல்லி, அவற்றுக்கும் பதில் சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் பாய் சற்றுத் தளர்ந்திருப்பதைக் கவனித்து, கயிற்றை இழுத்து இறுக்கினாள். உட்கார்ந்தபோது எந்த இடத்தில் சண்டையை விட்டோம் என்று மறந்துவிட்டது. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள். தீவின் பின்பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அங்கே வெறும் பாறையும் பறவை எச்சமும்தான் இருந்தன. அதைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கேப்டன் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறையில் சாப்பாட்டைச் சுடவைத்துக்கொண்டிருக்கும்போது அங்கிருந்தே கேட்டார்.

"எவ்வளவு தூரம் போன?"

"தீவைத் தாண்டி."

டிவியின் சத்தம் கூடியது.

அவள் நின்றபடியே சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காற்று எப்படி இருக்கும் என்று போனில் பார்க்க ஆரம்பித்தாள்.